தோடம்பழம், நீலம், ஒரு சீஆர் கொப்பி: அப்பாவின் மூளைப் பயிற்சி ஐந்து மாதம்

ரொறன்ரோவில் இருக்கும் அண்ணா ஜனவரியில் ஒரு நாள் இரவு பதினொரு மணிக்கு வாட்ஸ்அப்பில் ஒரு ரசீதை அனுப்பினார். மூளைப் பயிற்சிச் செயலி ஒன்றுக்கு ஒரு வருடச் சந்தா. நம்முடைய காசில் இருபதாயிரம் ரூபாவுக்குக் கொஞ்சம் மேலே. கூடவே ஒரு குரல் செய்தி: "அப்பான்ர போனில போட்டுக் குடு. ஒரு நாளைக்குப் பதினைஞ்சு நிமிசம் செய்தால் காணுமாம்."

அதற்கு முந்தைய கிழமை வீடியோ அழைப்பில் "பேரனுக்கு எப்ப சோதினை?" என்று அப்பா அவரிடம் பத்து நிமிட இடைவெளியில் இரண்டு தரம் கேட்டிருந்தார். அண்ணா பயந்துவிட்டார். அவ்வளவு தூரத்தில் இருப்பவருக்குப் பயம் வந்தால் கைக்கு எட்டும் ஒரே கருவி வங்கி அட்டைதான். அதை நான் குறையாகச் சொல்லவில்லை.

இப்போது ஜூன். ஐந்து மாதம் அப்பாவுக்குப் பக்கத்தில் கதிரை போட்டு இருந்து பார்த்துவிட்டேன். கொழும்பில் இருக்கும் அம்மா அப்பாவுக்கு இப்படி ஒன்றை வாங்கிக் கொடுக்கலாமா என்று லண்டனிலும் சிட்னியிலும் இருந்து யோசிக்கும் அண்ணாமார், அக்காமார் பலர் இருப்பீர்கள். முக்கியமாக உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

எங்களுக்குத் தொல்லை தந்த இரண்டு செயலிகளின் பெயரை எழுதப்போவதில்லை. அப்பாவே அவற்றைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அண்ணா காசு கட்டியது தோடம்பழம். அதன் சின்னம் அந்த நிறம். நான் பிறகு இலவசமாக இறக்கியது நீலம். மூன்றாவதாக ஒன்று வந்தது, அதைப் பெயரோடு சொல்கிறேன்.

அப்பாவுக்கு 78 வயது. ஓய்வுபெற்ற தபாலதிபர். அட்டன், சிலாபம், வவுனியா என்று அலைந்து வேலை செய்தவர். தந்தி காலத்து ஆள். இன்றைக்கும் சாப்பாட்டு மேசையில் விரலால் தன் பெயரை மோர்ஸில் தட்டிக் காட்டுவார். பிரஷர், சீனி இரண்டும் உண்டு. இரண்டு கண்ணிலும் கண்புரைச் சத்திரசிகிச்சை முடிந்துவிட்டது. அம்மா போய் மூன்று வருடமாகிறது. அன்றிலிருந்து எங்களோடு வெள்ளவத்தையில், கடலை நோக்கி இறங்கும் ஓர் ஒழுங்கையில், மூன்றாம் மாடியில் இருக்கிறார். பல்கனியில் நின்றால் மரைன் டிரைவும் அதற்கு அப்பால் ரயில் பாதையும் தெரியும். ரயில் பாதையை ஞாபகம் வைத்திருங்கள், பிறகு வரும்.

முதல் நாளே மூளைக்கு முன்னால் விரல்தான் பிரச்சினை என்று விளங்கியது. வயதானவர்களின் விரல் நுனி காய்ந்திருக்கும். போன் திரை சில வேளை அந்தத் தொடுகையை எடுக்காது. எடுக்கவில்லை என்று கண்டதும் அப்பா அழுத்திப் பிடிப்பார். அழுத்திப் பிடித்தால் போன் அதை வேறு கட்டளையாக எடுத்துக்கொண்டு, தேவையில்லாத பெட்டி ஒன்றைத் திறக்கும். அதை மூடப் போய் இன்னொன்று திறக்கும். மூன்று நாள் இதே கூத்து. நாலாம் நாள் எனக்கு ஒரு யோசனை வந்தது. "அப்பா, நீங்கள் டாஷ் வைக்கிறீங்கள். டொட் மட்டும் வையுங்கோ" என்றேன். (மோர்ஸில் டாஷ் நீண்ட தட்டு, டொட் குறுகிய தட்டு.) அவ்வளவுதான். அன்றிலிருந்து ஒரு பிழை இல்லை. எல்லா அப்பாக்களும் தந்தி அடித்தவர்கள் இல்லை என்பதால், மற்றவர்களுக்கு: போனின் அமைப்புகளில் அணுகல்வசதி என்ற பகுதிக்குள் போய், அழுத்திப் பிடிக்கும் நேரத்தைக் கூட்டிவிடுங்கள். எழுத்தைப் பெரிதாக்குங்கள். திரை தானாகத் திரும்புவதை நிறுத்துங்கள். விளையாடும் நேரத்தில் அழைப்புகளையும் அறிவிப்புகளையும் மறித்துவிடுங்கள். விரலைக் கொஞ்சம் ஈரத் துணியில் ஒற்றிக்கொண்டாலும் உதவி.

அடுத்தது மொழி. தோடம்பழத்திலும் நீலத்திலும் தமிழ் இல்லை. அப்பாவுக்கு ஆங்கிலம் பிரச்சினை இல்லை, ஆனால் அவருடையது தபால் கந்தோர் ஆங்கிலம். செயலியினுடையது அமெரிக்க ஆங்கிலம். தண்ணீர்ப் பைப்புக்கு அவர்கள் வைத்திருக்கும் சொல்லைப் பார்த்துவிட்டு, "உதென்ன பிள்ளை, மனிசன்ர பேரோ?" என்று கேட்டார். அந்தச் சுற்றில் புள்ளி போனது மூளையால் அல்ல, அகராதியால். பக்கத்து வீட்டு மாமிக்கு ஆங்கிலம் வராது. அவர் தன் மகள் போட்டுக் கொடுத்ததை இரண்டாம் நாளே மூடி வைத்துவிட்டார். உங்கள் அம்மாவுக்கும் அப்படி என்றால், சொல் இல்லாத, படமும் வடிவமும் மட்டும் உள்ள விளையாட்டுகளாகத் தேடிக் கொடுங்கள், அல்லது விட்டுவிடுங்கள்.

பதினைந்து நிமிடம் என்ற கணக்கை நம்பவேண்டாம். முதல் இரண்டு கிழமை எங்களுக்கு நாற்பது நிமிடம் போனது. இரவுச் சாப்பாடு முடிந்து, பாத்திரம் கழுவி, நான் பக்கத்தில் இருந்தால்தான் அப்பா தொடங்குவார். வேலை முடிந்து காலி வீதி நெரிசலில் நூறாம் இலக்க பஸ்ஸில் நின்றபடி வந்து சேரும் எனக்கு அந்த நாற்பது நிமிடம் சும்மா வரவில்லை. சந்தா ரசீதில் இந்தச் செலவு இருக்காது. காசு கட்டுகிறவர் அங்கே, நேரம் கட்டுகிறவர் இங்கே. அண்ணாவிடம் இதைச் சொன்னேன். சிரித்துவிட்டு, "நீ ஆடிட்டிங்கில இருக்கிறதால உப்பிடித்தான் கதைப்பாய்" என்றார். நான் ஆடிட்டிங்கில் இல்லை, கணக்குப் பிரிவில். இருபது வருடமாகச் சொல்லியும் அவருக்கு அது பிடிபடவில்லை.

நீலத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இலவசம் என்றால் விளம்பரம். ஒவ்வொரு சுற்று முடியவும் முப்பது செக்கன் விளம்பரம். அதை மூடும் பெருக்கல் குறி எறும்பளவு. அதைத் தொடப் போய் அப்பா ஒரு கடன் தரும் செயலியை இறக்கிவிட்டார். தன் ஓய்வூதிய விபரத்தைக் கேட்கிறது என்று என்னிடம் கொண்டுவந்து காட்டினார், நல்ல காலம். இரண்டாம் கிழமையே நீலத்தை நீக்கிவிட்டேன். வயதானவர்களின் போனில் விளம்பரத்தோடு வரும் எதையும் போடாதீர்கள்.

தோடம்பழத்தின் வேலை சுத்தம். நிறம், ஒலி, ஒழுங்கு எல்லாம் வடிவாகச் செய்திருக்கிறார்கள். விளம்பரம் இல்லை. சோடி அட்டை கண்டுபிடிப்பது, மனக்கணக்கு, சொல், ஒலி என்று நாளுக்கு நாலு விளையாட்டு. மனக்கணக்கில் அப்பாவை அது வெல்லமுடியாது. முத்திரைக் காசு எண்ணிய தலை. எனக்கு எரிச்சல் தந்தது ஒன்றே ஒன்று. முதல் கிழமை முடிவில் "உங்கள் மூளையின் வயது 84" என்று பெரிய எழுத்தில் காட்டியது. 78 வயது மனிதருக்கு, படுக்கப் போகிற நேரத்தில். அப்பா ஒன்றும் பேசவில்லை. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் பல்கனிக்குப் போய்விட்டார்.

அந்த 84 எங்கிருந்து வந்தது? அதே செயலியை விளையாடும் மற்றவர்களின் புள்ளியோடு ஒப்பிட்டு வந்தது. காசு கட்டி, ஆங்கிலத்தில், பல மாதமாக விளையாடிப் பழகியவர்களோடு, டொட்டுக்கும் டாஷுக்கும் இடையில் மல்லுக்கட்டிக்கொண்டிருந்த ஒருவரை நிறுத்திப் பார்த்த கணக்கு. ஐந்தாம் கிழமை அது 71 ஆனது. அப்பா தானே அண்ணாவுக்கு அழைப்பெடுத்துச் சொன்னார். 84ஐ நம்பவேண்டாம் என்று நான் சொன்னபோது கேட்காதவர், 71ஐ நம்பவேண்டாம் என்று சொன்னால் கேட்பாரா? நானும் சொல்லவில்லை.

84 வந்த மறுநாள்தான் அப்பா கொப்பி தொடங்கினார். என் மகன் பாதியில் விட்ட சீஆர் கொப்பி ஒன்றை எடுத்து, அடிமட்டம் வைத்து நிரல் கீறி, திகதி, நேரம், விளையாட்டு, புள்ளி, குறிப்பு என்று தலைப்பிட்டார். ஐந்து மாதமாக ஒரு நாள் தவறவில்லை. விளையாடாத நாளுக்கும் பதிவு உண்டு. குறிப்பு நிரல்தான் அதில் ருசியானது. "லைட் போனது." "கண் எரிவு." "பிள்ளை பக்கத்தில் கதைத்தது." "சங்கத்தில் பத்திரிகை வாசிக்கப் போனது, வர நேரமாகியது." (57ஆம் ஒழுங்கையில் இருக்கும் கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகம் அவருக்கு இரண்டாவது வீடு.) இந்த விமர்சனத்தில் நான் சொல்லும் எண்கள் எல்லாம் அந்தக் கொப்பியில் இருந்து வந்தவை. செயலியின் அழகான வரைபடத்தை விட அதில் எனக்கு நம்பிக்கை அதிகம்.

விற்கிறவர் தரும் கணக்கை ஒதுக்கி வைத்துவிட்டு வெளியார் பார்த்த கணக்கைத் தேடுவது எங்கள் தொழில் பழக்கம். பெப்ரவரி முழுக்க இரவில் அதைத்தான் செய்தேன்.

இந்தத் துறையில் பெரிய ஆய்வு 1998இல் அமெரிக்காவில் ஆறு இடங்களில் தொடங்கிய 'ஆக்டிவ்'. 65 வயதும் அதற்கு மேலுமான 2,832 பேரை நாலு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு நினைவாற்றல் பயிற்சி, ஒன்றுக்குத் தர்க்கம், ஒன்றுக்குக் கண்ணால் பார்த்ததைக் கிரகிக்கும் வேகம், மற்றதுக்கு ஒன்றுமில்லை. ஐந்தாறு கிழமைக்குள் பத்து அமர்வுகள், ஒவ்வொன்றும் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. சிலருக்கு 11ஆம் மாதமும் 35ஆம் மாதமும் மீள்பயிற்சி. பத்து வருடத்துக்குப் பிந்திய நிலையைச் சொல்லும் முடிவு 2014இல் வந்தது. தர்க்கமும் வேகமும் பயின்றவர்கள் அந்தந்தத் திறனில் இன்னும் முன்னுக்கு நின்றார்கள். நினைவாற்றல் பயிற்சியின் பலன் அதற்குள் கரைந்து போயிருந்தது. எல்லோரும் காசு கொடுத்து வாங்குவது நினைவாற்றலுக்கு, கரைந்தது அதுதான்.

அதே ஆய்வில் இருந்து 2017இல் இன்னொரு கட்டுரை வந்தது. வேகப் பயிற்சி எடுத்தவர்களுக்கு டிமென்ஷியா என்ற மறதிநோயின் அபாயம் 29 சதவீதம் குறைவு என்றது. இந்த 29ஐத்தான் விளம்பரங்களில் காண்பீர்கள். அங்கே டிமென்ஷியா என்று எடுத்தது எல்லாம் டொக்டர் பரிசோதித்து எழுதியது அல்ல. நேர்காணலிலும் சோதனைப் புள்ளிகளிலும் இருந்து கணித்தது. இன்னொன்று, அந்தப் பயிற்சி நடந்தது பயிற்றுநர் ஒருவர் முன்னால், சிறு குழுக்களாக, கணினியில். இரவு எட்டரைக்கு மூன்றாம் மாடியில் தனியாக ஆறரை அங்குலத் திரையில் அல்ல. இது சின்ன வித்தியாசமாக எனக்குப் படவில்லை.

மறுபக்கக் கணக்கும் இருக்கிறது. 2010இல் பிபிசி நிகழ்ச்சி ஒன்றோடு சேர்ந்து 11,430 பேர் ஆறு கிழமை இணையத்தில் பயிற்சி செய்தார்கள். முடிவு நேச்சர் இதழில் வந்தது. பயின்ற விளையாட்டுகளில் எல்லோரும் முன்னேறினார்கள். பயிலாத சோதனைகளில் அந்த முன்னேற்றம் தெரியவில்லை. அவர்கள் 18 முதல் 60 வயது வரையானவர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும், அப்பா வயதுக்காரர் இல்லை. பிறகு 2016 ஜனவரியில் லுமோசிட்டி என்ற மூளைப் பயிற்சிச் செயலியை நடத்தும் நிறுவனம் அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணைக்குழுவுக்கு 20 லட்சம் டொலர் கட்ட ஒத்துக்கொண்டது. வயதோடு வரும் மறதியையும் டிமென்ஷியாவையும் தள்ளிப்போடலாம் என்று போதிய ஆதாரமில்லாமல் விளம்பரம் செய்தது என்பது குற்றச்சாட்டு.

வாசித்து முடித்ததும் எனக்கு ஒரு விசயம் தெளிவானது. ஏதாவது ஒன்றை விளையாடத்தான் வேண்டும் என்றால் அந்த வேக விளையாட்டை விளையாடலாம். அதன் இன்றைய வடிவம் பிரெய்ன்எச்கியூ என்ற செயலியில் 'டபுள் டிசிஷன்' என்ற பெயரில் இருக்கிறது. நடுவில் ஒரு வாகனம், ஓரத்தில் எங்கோ ஒரு பலகை, இரண்டும் மின்னி மறையும். எந்த வாகனம், பலகை எந்தத் திசை என்று இரண்டையும் சொல்லவேண்டும். சரியாகச் சொல்லச் சொல்ல, மின்னும் நேரம் குறையும். மார்ச்சில் போட்டுக் கொடுத்தேன். காசு கட்டாமலும் கொஞ்சம் விளையாட விடுகிறது, ஆனால் நாங்கள் விரும்பும் விளையாட்டு எல்லா நாளும் கிடைப்பதில்லை. பலகையில் 66 என்று இருக்கும். அப்பா முதல் நாள் நெற்றியைச் சுருக்கினார். "காலி வீதியில நூறும் நூற்றியொண்டும்தானே. உது எங்க போற பஸ்?"

கொப்பியின்படி, டபுள் டிசிஷனில் மின்னும் நேரம் மார்ச் தொடக்கத்தில் 900 மில்லிசெக்கன், மே முடிவில் 280. சோடி அட்டை விளையாட்டு ஆறு சோடியில் இருந்து பதினொன்றுக்குப் போயிருக்கிறது. மனக்கணக்கு முதல் நாளே உச்சியில், அங்கேயே நிற்கிறது. சொல் விளையாட்டு அமெரிக்காவோடு சமாதானமாகவில்லை.

வீட்டுக்குள் என்ன மாறியது? நானும் ஒரு கணக்கு வைத்தேன், அப்பாவுக்குச் சொல்லாமல். ஏழு நாளுக்கு ஏழு அறை உள்ள மாத்திரைப் பெட்டி ஒன்று இருக்கிறது. இரவு மாத்திரையை மறந்த நாட்கள்: பெப்ரவரியில் ஐந்து, மார்ச்சில் நாலு, ஏப்ரலில் ஆறு, மே மாதம் ஐந்து. கண்ணாடியைத் தேடும் தரங்களை எண்ண எனக்குப் பொறுமை இல்லை, ஆனால் அதுவும் குறைந்ததாகத் தெரியவில்லை. ஒரு வீட்டில் ஒரு மனிதரை வைத்துச் செய்த கணக்குக்கு ஆராய்ச்சி என்று பெயர் வைக்கமாட்டேன். ஆனால் 900 எப்படி 280 ஆனதோ, அப்படி மாத்திரை ஐந்து இரண்டாகவில்லை. அதைச் சரியாக்கியது ஜூன் முதலாம் திகதியில் இருந்து அவர் போனில் இரவு ஏழரைக்கு வைத்த அலாரம். அது இலவசம்.

சரி, ரயிலுக்கு வருவோம்.

கொப்பியில் ஒரே ஒரு விளையாட்டு மட்டும் கீழே போய்க்கொண்டிருந்தது: தோடம்பழத்தின் ஒலி விளையாட்டு. ஒரு சத்தம் மேலே போகிறதா கீழே வருகிறதா என்று சொல்லவேண்டும். பிறகு 'பா'வா 'டா'வா போன்ற சின்னச் சின்ன ஒலி வேறுபாடுகள். அப்பா தொடர்ந்து தோற்றார். குறிப்பு நிரலில் காரணமும் எழுதியிருந்தார்: "ரயில்." அடுத்த நாளும் "ரயில்." கரையோரப் பாதையில் இரவு ரயில் போவது உண்மைதான், எங்கள் யன்னல் கண்ணாடி அதிரும். நானும் நம்பினேன். ஏப்ரல் முடிவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கொப்பியை எடுத்து ரயில் என்று எழுதாத நாட்களை மட்டும் பிரித்துப் பார்த்தேன். அந்த நாட்களிலும் புள்ளி அதே பள்ளத்தில்தான் கிடந்தது.

மகனின் ஹெட்ஃபோனை மாட்டி, யன்னலை மூடிப் பார்த்தோம். "மேல போறது கேக்குது பிள்ளை, ஆனா கடைசியில இல்லாமல் போகுது" என்றார். இல்லாமல் போகவில்லை. எனக்குக் கேட்டது.

காலி வீதியில் ஒரு செவிப்புலப் பரிசோதனை நிலையத்துக்கு ஓட்டோவில் கூட்டிக்கொண்டு போனேன். முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிட்டது. இரண்டு காதிலும் உயர் சுருதி ஒலிகள் நன்றாகக் குறைந்திருக்கின்றன, இடது காதில் கூட. வயதோடு மெல்ல மெல்ல வருவது என்பதால் வருகிறவருக்கே தெரியாது. பேச்சின் இரைச்சல் கேட்கும். சொல்லைச் சொல்லாகப் பிரித்துத் தரும் மெல்லிய மெய்யொலிகள் கேட்காது. அப்படிப்பட்டவர் அரைகுறையாகக் கேட்டதை ஊகித்து, தலையாட்டி, "ஓம் ஓம்" என்று சமாளிப்பார்.

அன்று இரவு அண்ணாவுக்கு அழைப்பெடுத்தேன். பேரனின் சோதினை எப்போது என்று அப்பா இரண்டு தரம் கேட்டது ஞாபகமா என்றேன். முதல் தரம் அண்ணா சொன்ன பதில் அவருக்குக் கேட்டிருக்கவே இல்லை. ஓம் என்று தலையாட்டிவிட்டு, பத்து நிமிடம் பொறுத்து மறுபடி கேட்டிருக்கிறார். அண்ணா நெடுநேரம் பேசவில்லை. நானும் பேசவில்லை, ஐந்து மாதம் ஒரே வீட்டில் இருந்து பார்த்தவள் நான்.

லான்செட் மருத்துவ இதழின் ஆணைக்குழு 2024இல் வெளியிட்ட அறிக்கை, டிமென்ஷியாவுக்கான மாற்றக்கூடிய காரணிகள் பதினான்கைச் சொல்கிறது. அவற்றை எல்லாம் கவனித்தால் ஏறத்தாழ 45 சதவீதத்தைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியலாம் என்கிறது. காது அந்தப் பட்டியலில் இருக்கிறது. கவனிக்காமல் விட்ட பார்வைக் குறை, பிரஷர், சீனி, தனிமை எல்லாம் இருக்கின்றன. ஆனால் காது மெஷின் போட்டால் எல்லாம் சரி என்று நான் சொல்லவரவில்லை. 2023இல் வந்த 'அச்சீவ்' ஆய்வில் காது குறைந்த, 70 முதல் 84 வயது வரையான 977 பேரில் ஒரு பகுதியினருக்கு மெஷின் கொடுத்து, மற்றவர்களோடு ஒப்பிட்டு மூன்று வருடம் பார்த்தார்கள். மொத்தமாக எடுத்தால் வித்தியாசம் இல்லை. ஏற்கெனவே அபாயம் கூடியிருந்த பிரிவில் மட்டும் சிந்தனைத் திறன் குறையும் வேகம் 48 சதவீதம் மட்டுப்பட்டது. எனக்கு அந்த எண்கள் ஒரு பக்கம் இருக்கட்டும். அப்பாவோடு கத்தாமல் கதைக்க முடிகிறது.

மெஷின் விலை அண்ணாவின் சந்தாவைப் போல ஆறு மடங்கு. அதையும் அவர்தான் கட்டினார், இந்த முறை என்னிடம் கேட்டுவிட்டு.

அதன் பிறகு நடந்தது ஒன்று எனக்கு எதிர்பாராதது. முதலாம் மாடியில் ஓய்வுபெற்ற வங்கி முகாமையாளர் ஒருவர் வீட்டில் ஞாயிறு பின்னேரம் முன்னூற்றுநாலு சீட்டாட்டம் நடக்கும். அப்பா ஒரு வருடமாகப் போகவில்லை, அலுப்பு என்று சொல்லிவிட்டார். அம்மா இல்லாத கவலை என்று நாங்கள் விட்டுவிட்டோம். மெஷின் போட்ட இரண்டாம் ஞாயிறு தானே செருப்பைப் போட்டுக்கொண்டு இறங்கினார். கேள்வி கேட்கிறது (எத்தனை புள்ளி எடுப்போம் என்று ஏலம் கூறுவது) காதில் விழவில்லை என்பதால்தான் போகாமல் இருந்திருக்கிறார். கூட்டாளி 170 கேட்டது 160 என்று விளங்கி, ஒரு ஆட்டத்தைக் கெடுத்து, வசை வாங்கியிருக்கிறார். அது அவருக்கு மறக்கவில்லை பாருங்கள்.

தெரியாதவர்களுக்கு: ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11, பத்துக்கு 10, ராசாவுக்கு 3, ராணிக்கு 2, எட்டும் ஏழும் சுழியம். ஒரு சாதிக்கு 76, நாலு சாதிக்கு 304. துரும்பை மறைத்து வைத்து, விழுந்த முப்பத்திரண்டு அட்டையில் எது போனது எது இருக்கிறது என்று தலையில் ஓட்டி, எதிரே இருப்பவர் ஏன் இப்போது அந்த ஒன்பதை இறக்கினார் என்று யோசித்து, அதே நேரத்தில் கிரிக்கெட்டைப் பற்றிச் சண்டையும் பிடிக்கவேண்டும். தோடம்பழத்தின் சோடி அட்டை விளையாட்டு இதற்குப் பக்கத்தில் முன்பள்ளி. பின்லாந்தில் 60 முதல் 77 வயது வரையான 1,260 பேரை வைத்துச் செய்த 'ஃபிங்கர்' ஆய்வு 2015இல் வந்தது. அங்கே சாப்பாடு, உடற்பயிற்சி, மூளைப் பயிற்சி, பிரஷர் போன்றவற்றின் கண்காணிப்பு நாலையும் சேர்த்து இரண்டு வருடம் கொடுத்தபோது பலன் தெரிந்தது. எங்கள் அப்பாவுக்கு நடை என்பது மூன்று மாடி இறங்கி ஏறுவது. லிஃப்ட் பழுதான நாட்களில் உடற்பயிற்சியும் கணக்கில் வரும், எங்கள் லிஃப்ட் அதில் நல்ல ஒத்துழைப்பு.

வாங்கலாமா என்று கேட்டால் என் பதில் இது. வருடச் சந்தா வேண்டாம். ஒரு மாதம் இலவசமாகவோ மாதக் கட்டணத்திலோ விளையாடட்டும். முப்பது நாளில் இருபது நாள் தானாக எடுத்தால் பிறகு பாருங்கள். இலவசப் பரீட்சார்த்தக் காலத்துக்கே அட்டை இலக்கம் கேட்கும் செயலி என்றால், போட்ட அன்றே தானாகப் புதுப்பிப்பதை நிறுத்திவிடுங்கள். பக்கத்தில் இருக்க ஒருவர் இல்லாத வீட்டுக்கு அனுப்பாதீர்கள். மூளை வயது காட்டும் செயலி என்றால் முதல் கிழமை அந்தப் பக்கத்தை நீங்களே திறந்து மூடிவிடுங்கள். எல்லாவற்றுக்கும் முதல் காதையும் கண்ணையும் பரிசோதியுங்கள். நாங்கள் அதைத் தலைகீழாகச் செய்தோம்.

மறதி உண்மையிலேயே வேலையைக் கெடுக்கிற அளவுக்கு இருக்கிறது, தெரிந்த ஒழுங்கையில் வழி தவறுகிறார், காசுக் கணக்குக் குழம்புகிறது என்றால் செயலி தேடுவதை விட்டு டொக்டரிடம் போங்கள். விற்றமின் பி12 குறைவு, தைரொய்ட், மனச்சோர்வு, சில மாத்திரைகள் கூட மறதியைத் தரும், அவற்றுக்கு வைத்தியம் உண்டு. கொழும்பில் லங்கா அல்சைமர் ஃபவுண்டேஷன் இருக்கிறது, குடும்பத்தவர்களுக்கு வழிகாட்டுவார்கள்.

தோடம்பழத்துக்கு ஐந்துக்கு இரண்டரை. வேலைப்பாட்டுக்கு நாலு கொடுத்திருப்பேன், 84ஐ நினைத்தால் கை வரவில்லை. ஒலி விளையாட்டு ஒன்றுக்காக அரை கூட்டியிருக்கிறேன். அவர்கள் அதை எதற்குச் செய்தார்களோ, எங்களுக்கு வேறொன்றுக்கு உதவியது. டபுள் டிசிஷனுக்கு மூன்றரை.

ஜனவரியில் சந்தா முடியும். புதுப்பிப்பதை நிறுத்திவிட்டேன் என்று போன கிழமை அண்ணாவிடம் சொன்னேன். அப்பாவுக்குப் பிடித்திருக்கிறதே, இன்னும் ஒரு வருடம் கட்டட்டுமா என்று கேட்டார். போனை அப்பாவிடமே கொடுத்தேன். அவர் கொப்பியைக் கொண்டுவரச் சொன்னார், கண்ணாடியைத் தேடினார், மாட்டிக்கொண்டு கடைசிப் பக்கம் வரை விரலால் எண்ணினார்.

"பதினெட்டுப் பக்கம் கிடக்கு, தம்பி. அது முடியட்டும். பேந்து யோசிப்பம்."